குடும்பத்துக்காகவே வாழ்ந்த கோச்

வெண்டல் ஊல்ரிக் செத்த மூன்றாம் நாள், திங்கட்கிழமை காலையில், லைல் பீட்டர்ஸன் ஒரு தட்டு ஹாம் சாண்ட்விச்சும் ஒரு தட்டச்சுத் தாளுமாகப் பின்வாசல் வழியே வந்தான். கெட்னர் என்ற அந்தச் சின்ன ஊரில் தெரிந்தவர்கள் யாரும் முன்வாசலைத் தட்டுவதில்லை. பூட்ஸிலிருந்த பனியை மிதியடியில் உதறி, சாண்ட்விச்சைச் சமையலறை மேஜையில் வைத்துவிட்டு, தாளை இரண்டு கையாலும் நீட்டினான்.

"இரங்கல் குறிப்பு, மிஸஸ் ஊல்ரிக். உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே உக்காந்து எழுதிட்டேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பத்திரிகைக்குக் குடுக்கணும். ஒரு பார்வை பாத்துச் சரின்னு சொல்லிட்டீங்கன்னா போதும்."

லைலுக்கு ஐம்பத்தைந்து வயது. இன்ஷூரன்ஸ் விற்கிறான். பள்ளியில் வெண்டலிடம் கேட்சராக ஆடியவன், பிறகு இருபது வருஷம் அவருக்குத் துணைக் கோச். பந்து பிடிக்கக் குந்திக் குந்தியே இரண்டு முழங்காலும் போய்விட்டன. சொந்தக் கல்யாண நாளை மறந்தாலும் மறப்பான், 1981இல் தான் அடித்த இரண்டு ஹோம் ரன்னை மறக்கமாட்டான்.

ஆர்லிஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். 'கெட்னர் உயர்நிலைப் பள்ளியின் பேஸ்பால் கோச்சாக முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றியவரும், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவருமான வெண்டல் ஊல்ரிக்...' அதற்கு மேல் போக முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் போய் மூன்றே நாளில் சிரிக்கிறோமே என்று அதை இருமலாக மாற்றப் பார்த்தாள். லைல் ஓடிப்போய்த் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான்.

"எந்தக் குடும்பம் லைல்?"

"என்ன கேட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. உக்காரு. காப்பி இருக்கு, ஊத்திக்கோ."

அவன் ஊற்றிக்கொண்டான். ஆர்லிஸ் பென்சிலை எடுத்தாள். தாளில் ஒன்றே ஒன்றைத்தான் அவள் தேடினாள். முந்தின நாள் ஆரிகனிலிருந்து மகள் ரெனே போனில் பேசியிருந்தாள். அழவில்லை. அப்பா கஷ்டப்படாமல் போனாரா என்று கேட்டாள், ஆஸ்பத்திரியில் யார் கூட இருந்தார்கள் என்று கேட்டாள், பிறகு சொன்னாள்: "அம்மா, அந்தக் கல்யாணக் கதையைப் பேப்பர்ல போட்டாங்கன்னா நான் வரமாட்டேன். அங்க வந்து நின்னு, 'ஆகா உங்கப்பா எப்பேர்ப்பட்ட மனுஷன்'னு நூறு பேர் என் கையைப் பிடிச்சுக் குலுக்கறதைத் தாங்க என்னால ஆகாது." ரெனே சொன்னால் சொன்னதுதான். ஏழு வருஷமாக ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காதவள். இப்போதும் வரவில்லை என்றால் இனி எதற்கு வரப்போகிறாள்? ஆர்லிஸுக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. அவளுக்கு வேண்டியதெல்லாம் சனிக்கிழமை தேவாலயத்தில் முதல் வரிசையில் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கதை தாளில் இருந்தது. எப்படி இல்லாமல் போகும்? கடைசிப் பத்திக்கு முந்தின பத்தியில், தடித்த எழுத்தில் இருந்தது. ஆர்லிஸ் அதைப் பார்த்ததும் பார்க்காதவள்போல மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தாள். லைலிடம் நேரே சண்டைக்குப் போவது அவளுக்குப் பழக்கமில்லை.

வெண்டலின் வாழ்க்கை தாளில் ஒரு பக்கம் வந்திருந்தது. பூசி மெழுகியதைச் சுரண்டினால் கால் பக்கம் தேறும். ஊருக்கு ஆறு மைல் தள்ளி ஒரு பன்றிப் பண்ணையில் பிறந்தார். கல்லூரியில் பேஸ்பால் ஆடினார். பிரமாதமாக ஆடினார் என்று அவர் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும், பார்த்தவர்கள் யாரும் இதுவரை வந்து சொன்னதில்லை. பள்ளியில் மரவேலை வாத்தியாராகச் சேர்ந்தார். 1973இல் பழைய கோச் பொறுக்க முடியாமல் ஓடிப்போக, வேறு யாரும் கேட்காத வேலையை இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். முப்பத்தாறு பருவங்களில் நானூற்றுப் பன்னிரண்டு ஆட்டம் ஜெயித்தார் என்று லைல் எழுதியிருந்தான்.

"தோத்தது எத்தனை?" என்றாள் ஆர்லிஸ்.

"அது எதுக்கு இப்ப..."

"முந்நூத்துத் தொண்ணூத்தெட்டு. கூட்டிக் கழிச்சுப் பாத்தா, அவரு வெறுமனே வீட்ல படுத்துத் தூங்கியிருந்தாலும் அந்தப் பசங்க பாதி ஜெயிச்சிருப்பாங்க."

"அப்படிச் சொல்லாதீங்க மிஸஸ் ஊல்ரிக். கோச் காதுல விழுந்தா..."

"காதுலயா? உயிரோட இருக்கறப்பவே அவர் காதுல ஒண்ணும் விழுந்ததில்ல."

அடுத்த வரி: 'குடும்பத்தோடு பயணம் செய்வதில் மிகுந்த பிரியம் கொண்டவர்.' இதற்கு ஆர்லிஸ் வாய்விட்டே சிரித்தாள். மற்ற மாநிலங்களில் பள்ளிப் பேஸ்பால் வசந்தத்தோடு முடிந்துவிடும். கெட்னர் இருக்கிற அயோவாவில் மட்டும் கோடை முழுக்க ஆடுவார்கள். ஆகவே ஊல்ரிக் வீட்டுக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று இருந்ததே இல்லை. எதிர்வீட்டுக்காரர்கள் ஏரிக்குப் போய் முதுகு தோலுரிந்து வருவார்கள், இவர்கள் மைதானத்தில் நின்றே தோலுரிந்துகொண்டார்கள். ஜனவரியில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, குடும்பத்தை ஓமஹாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கோச்சுகள் மாநாடு நடந்தது. அவர் மூன்று நாள் மாநாட்டில் இருந்தார். ஆர்லிஸும் மகளும் மோட்டலில் கட்டில்மேல் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள். திரும்பி வரும்போது காரில் அவர் கேட்டார்: "எப்படி இருந்துது நம்ம டூர்?"

குடும்பத்துக்கு அவர் செய்தது என்ன என்று கேட்டால் சொல்வது கஷ்டம். குடும்பம் அவருக்குச் செய்ததைச் சொல்லிக்கொண்டே போகலாம். இருபத்திரண்டு ஜோடி யூனிஃபார்ம் துவைத்தது ஆர்லிஸ். வெள்ளைக் கால்சட்டையில் செம்மண் கறை, அதைத் தேய்த்துத் தேய்த்து அவள் விரல்நகம் தேய்ந்தது. ஆட்டத்தின்போது ஸ்கோர் நோட்டு எழுதியது ஆர்லிஸ். மழை வந்தால் மைதானத்தைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், அதில் ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததும் ஆர்லிஸ். ரெனே வயிற்றில் எட்டு மாதமாக இருக்கும்போதும் இழுத்திருக்கிறாள். "அந்த மூலையில ஆர்லிஸ் நின்னா ரெண்டு ஆம்பளைக்குச் சமம்" என்று வெண்டல் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார். நாற்பத்தைந்து வருஷத்தில் அவர் பெண்டாட்டியைப் பாராட்டிச் சொன்ன பெரிய வார்த்தை அதுதான். அதைக் கேட்டு ஒரு வாரம் பூரித்துப்போய் நடந்தோமே என்று நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கும்.

ரெனே பிறந்தது 1979 ஜூனில், ஏழு இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் பத்தாவது இன்னிங்ஸுக்கு நீண்டபோது. முடித்துவிட்டு யூனிஃபார்மோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தையைத் தூக்கிப் பார்த்தார். "கை நல்ல நீளம்" என்றார். பெண் என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்தார் என்று ஆர்லிஸ் சொல்வாள். அது கொஞ்சம் அநியாயம்தான், உடனே கொடுக்கவில்லை.

வீட்டில் பேச்சும் குறைவு. ஆட்டத்தில், ஓடுகிறவன் தொட வேண்டிய மூன்றாவது பேஸ் பக்கத்தில் நின்று கோச்சுகள் மூக்கைத் தொடுவார்கள், காதை இழுப்பார்கள், பெல்ட்டைத் தடவுவார்கள். ஆடுகிறவனுக்கு அது கட்டளை. வெண்டல் சாப்பாட்டு மேஜையிலும் அதையே செய்தார். காதைத் தொட்டால் உருளைக்கிழங்கு வேண்டும். தொப்பியைத் தொட்டால் டிவி சத்தத்தைக் குறை. தாயும் மகளும் அதைப் படித்துத் தேறினார்கள். தேறிய பிறகும் நிம்மதி இல்லை. எதிரணி கண்டுபிடித்துவிடக் கூடாதென்று வியாழக்கிழமைதோறும் சைகைகளை மாற்றுவார். வீட்டுக்கும் சேர்த்தே மாற்றுவார். வெள்ளிக்கிழமை அவர் காதைத் தொட, ரெனே உருளைக்கிழங்கை நீட்ட, அவர் முகம் சுளிக்க, யாருக்கும் ஒன்றும் புரியாது. உருளைக்கிழங்கு வேண்டும் என்று வாயால் சொன்னால் கண்டுபிடித்துவிட, எதிரணியா அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தது?

இப்படிப்பட்டவர் பிப்ரவரி மாதத்தில் செத்தார். வீட்டுக்குத் தோதான மாதம் பார்த்து அவர் செய்த ஒரே காரியம் அதுதான்.

"மிஸஸ் ஊல்ரிக், அந்தக் கல்யாணப் பத்தியைப் படிச்சீங்களா?" லைல் நாற்காலி நுனிக்கு வந்தான். "அதை எழுதறப்ப எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

அவனே உரக்கப் படித்தான். '2004ஆம் ஆண்டு, மாநிலப் போட்டிக்கான கடைசித் தகுதிச்சுற்று நாளில், ஆட்டத்தையும் பொருட்படுத்தாமல், தம் ஒரே மகளின் கரம் பற்றித் தேவாலயத்துக்குள் அழைத்துச் சென்ற பாசமிகு தந்தை.'

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. காப்பிக் கடையில் சொல்வார்கள், விருந்தில் சொல்வார்கள், பாதிரியார் ஒரு தடவை பிரசங்கத்திலேயே சொன்னார். நடந்தது இதுதான்.

ரெனே கல்யாணத் தேதியை ஜூலை மூன்றாவது சனிக்கிழமைக்குக் குறித்தாள். கெட்னர்க்காரர்கள் கோடைக் கல்யாணத்துக்குத் தேதி குறிப்பது ஒரே கணக்கில்தான்: நம்ம பள்ளி ஜூலை பத்துக்குள் தோற்றுவிடும். முப்பது வருஷம் பிசகாத கணக்கு. அந்த வருஷம் பார்த்துக் கர்ட் என்று ஒரு பண்ணைவீட்டு இடதுகைக்காரன் வந்து சேர்ந்தான். பந்து எறிந்தால் எதிரணி மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். வரிசையாக ஜெயித்துக்கொண்டே போனார்கள். புதன்கிழமை ஜெயித்துவிட்டு வந்து வெண்டல் சமையலறையில் நின்றார். சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் கடைசி ஆட்டம், எண்பது மைல் தள்ளி.

"கல்யாணத்தைக் காலைல வச்சுக்கலாமா?" என்றார். மகளைப் பார்த்துக் கேட்கவில்லை. ஃபிரிட்ஜைப் பார்த்துக் கேட்டார்.

ரெனே நூற்று நாற்பது பேருக்குப் போன் போட்டாள். மத்தியானக் கல்யாணம் காலை பத்து மணிக்கு வந்தது. வெண்டல் யூனிஃபார்மிலேயே தேவாலயத்துக்கு வந்தார். ஆணி வைத்த ஷூ தரையில் டக்டக்கென்று சத்தம்போட, மகள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் மாப்பிள்ளையிடம் விட்டார். பாதிரியார் பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெளியே பள்ளி பஸ் ஹாரன் அடித்தது. மோதிரம் இன்னும் மாற்றவில்லை. வெண்டல் எழுந்தார். எழுந்து, மகளைப் பார்த்துத் தொப்பி நுனியைத் தொட்டு, இடது கையை வலது கையால் இரண்டு முறை நீவிவிட்டுப் போனார். வியாழக்கிழமை சைகைகளை மாற்றியிருந்தார், கல்யாண அமளியில் யாருக்கும் சொல்லவில்லை. ரெனேவுக்குத் தெரிந்தது போன வாரத்துச் சைகைதான்.

விஸ்கான்சின்காரரான மாப்பிள்ளை குனிந்து கேட்டார்: "என்ன சொல்றார் உங்கப்பா?"

"அடிக்காதே, பொறுத்துக்கோங்கறார்" என்றாள் ரெனே.

பஸ் கிளம்பியது. அதன் பின்னால் பாதித் தேவாலயம் எழுந்து போயிற்று. அண்டை வீட்டார், பள்ளி முதல்வர், ஆர்கன் வாசிக்கிற அம்மாள்கூடப் போய்விட்டாள். மாப்பிள்ளை வீட்டார் எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். ஆர்லிஸ் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும், சொல்லும்போது எத்தனை ஆத்திரம் வந்தாலும், பஸ் கிளம்பின இடத்தோடு நிறுத்திவிடுவாள்.

"இந்தப் பத்தி வேண்டாம் லைல்."

லைல் முகத்தில் ஈயாடவில்லை. "மிஸஸ் ஊல்ரிக், இதுதான் இந்தக் குறிப்புக்கே உசிரு. ஊரே இதைத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்கு."

"எம்பொண்ணு வரணும். இது இருந்தா வரமாட்டா."

"அவளுக்கு முழு விஷயம் தெரியாது." லைல் குரலைத் தாழ்த்தினான். "நான் அந்தப் பஸ்ல கோச்சுக்குப் பக்கத்து சீட்டு. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. அன்னிக்கு அவர் அழுதார்."

ஆர்லிஸின் கை பென்சிலோடு நின்றது. வெண்டல் அழுது அவள் பார்த்ததில்லை. அவருடைய அம்மா செத்தபோதும் பார்த்ததில்லை. பதினாலு வருஷமாக அந்த மனுஷன்மேல் சேர்த்துவைத்த கோபமெல்லாம் எங்கோ கழன்று இறங்குவதுபோல இருந்தது. இதை ரெனேவிடம் சொல்லலாம், உடனே சொல்லலாம், போனை எடுத்து 'உங்கப்பா அழுதாராம்டி' என்று சொல்லலாம் என்று அவளுக்கு அடித்துக்கொண்டது.

"எதுக்கு அழுதாரு லைல்?"

லைல் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவன் விற்கிற சாமானுக்கு அவன் சொல்லாத பொய்யா? ஆனால் பேஸ்பால் என்று வந்துவிட்டால் அவனுக்குப் பொய் வராது.

"கர்ட்டோட நடுவிரல்ல கொப்புளம் உடைஞ்சிருச்சு. பஸ்ல ஏறினப்புறம்தான் காமிச்சான். இனிமே பந்தைப் பிடிக்கவே முடியாதுன்னு தெரிஞ்சதும் கோச் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். கிரின்னெல் ஊரைத் தாண்டற வரைக்கும் அழுதார்."

ஆர்லிஸ் அந்தப் பத்தியின்மேல் குறுக்கே ஒரு கோடு, எதிர்ப்பக்கமாக ஒரு கோடு, போதாதென்று நடுவில் ஒரு கோடு போட்டாள். தாள் கிழிந்தது.

"புதுசா எழுதி நாளைக்குக் காலைல நானே தரேன். நீ போ. சாண்ட்விச்சுக்கு தேங்க்ஸ்."

அவன் போனதும் ரெனேவுக்குப் போன் போட்டாள். குரலில் ஒரு ஜம்பமே இருந்தது. "அடிச்சுட்டேன்டி. கல்யாணக் கதையை அடிச்சே போட்டுட்டேன். லைல் மூஞ்சி போன போக்கைப் பாக்கணும் நீ. அந்த மனுஷன் உன் கல்யாணத்தன்னிக்கு அழுதாராம், எதுக்குத் தெரியுமா? கொப்புளத்துக்கு!"

மறுமுனையில் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

"சரி" என்றாள் ரெனே. "அடிச்சாச்சா. அப்ப ஒண்ணுமே நடக்கலைன்னு ஆயிடுச்சு."

"நீதானே போடக் கூடாதுன்ன?"

"அந்தப் பொய்யைப் போடக் கூடாதுன்னேன்."

"அவர் செஞ்சதுக்கு நான் என்னடி பண்ணுவேன்? அவர் அப்படிப்பட்ட ஆளு..."

"அம்மா, அப்பாவை விடு. அப்பா போவாருன்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுலேர்ந்தே தெரியும். நீ எங்க போன?"

ஆர்லிஸ் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"மோதிரம் மாத்தி முடிச்சுக் கீழ வந்து விருந்து சாப்பிட்டோம். கேக் வெட்டப் போறப்ப, 'ஷூ கடிக்குது, வீட்டுக்குப் போய் மாத்திட்டு வந்துடறேன்'ன. எங்கிட்ட, என் மூஞ்சியைப் பாத்துச் சொன்ன. நாங்க கேக்கை வெட்டாம நாப்பது நிமிஷம் நின்னோம். எங்க மாமியார் உன்னைத் தேடிக்கிட்டு வீட்டுக்கே போனாங்க. ஷூ மாத்தப் போனவ எண்பது மைல் போயிருக்க. பதினாலு வருஷமா ஊர் அப்பா கதையைச் சொல்லுது, நீயும் அப்பா கதையைச் சொல்ற. உன் கதையை யாராவது சொல்றீங்களா?"

"ரெனே..."

"எனக்கு வேலை இருக்கும்மா. வெச்சுடறேன்."

வைத்துவிட்டாள்.

ஆமாம், போனாள். ஊதா நிறப் பட்டுக் கவுனில், தலையில் பூ வைத்த கொண்டையோடு, மணிக்கு எண்பது மைல் வேகத்தில் காரை ஓட்டிக்கொண்டு போய், மரப்பலகை வரிசையில் உட்கார்ந்து ஸ்கோர் நோட்டைப் பிரித்தாள். முதல் இன்னிங்ஸ் அப்போதுதான் முடிந்திருந்தது. விட்டுப்போனதைப் பக்கத்திலிருந்தவனிடம் கேட்டு எழுதிக்கொண்டாள். கல்யாணப் பெண்ணின் அம்மா என்று பார்த்தவர்கள் கைதட்டினார்கள். அவளும் பெருமையாகத் தலையாட்டினாள். வெண்டல் செய்ததற்காவது ஒரு நியாயம் உண்டு, அவர் இல்லாமல் அணி ஆட முடியாது. ஸ்கோர் நோட்டை எழுதக் கெட்னரில் வேறு ஆளா கிடைக்காது?

ஏன் போனாள் என்பதும் அவளுக்குத் தெரியும். அதுதான் அசிங்கம். வெண்டல் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "நாலாவது இன்னிங்ஸ்ல அந்த ஷார்ட்ஸ்டாப் பையன் என்ன பண்ணினான்?" என்று கேட்பார். அவள் நோட்டைப் பிரித்துச் சொல்வாள். அவர்கள் இருவருக்கும் நடுவில் பேச்சு என்று இருந்தது அது ஒன்றுதான். அன்றைக்கு நோட்டு காலியாக இருந்தால், அன்றைக்கு அவர் தன்னோடு பேசுவதற்கு ஒன்றுமே இருக்காது என்று அவளுக்குப் பயம். அந்தப் பயத்துக்காக மகளை கேக் முன்னால் நிற்க வைத்துவிட்டுப் போனாள். பிறகு பதினாலு வருஷம் புருஷனை மட்டும் கரித்துக் கொட்டிக்கொண்டு குப்பை கொட்டினாள். அவரைத் திட்டத் திட்ட, தான் உட்கார்ந்திருந்த மரப்பலகை யார் கண்ணுக்கும் தெரியாமல் போயிற்று. நல்ல வசதி.

மறுநாள் காலையில் லைல் வந்தபோது தாள் தயாராக இருந்தது. அவன் நின்றுகொண்டே படித்தான். கடைசிப் பத்திக்கு முந்தின பத்தியை இரண்டு தடவை படித்தான்.

'2004 ஜூலை 17 அன்று தம் ஒரே மகள் ரெனேவின் திருமணத்தில், மோதிரம் மாற்றும் முன்பே வெண்டல் ஆட்டத்துக்குக் கிளம்பிப் போனார். அவர் மனைவி ஆர்லிஸ், கேக் வெட்டும் முன்பே, ஷூ மாற்றிவிட்டு வருகிறேன் என்று மகளிடம் பொய் சொல்லிவிட்டு அதே ஆட்டத்துக்குப் போனாள். திருமணம் இனிதே நடந்தது. ஆட்டத்தில் பதினொன்றுக்கு இரண்டு என்று தோற்றோம்.'

"இதைப் போட முடியாது மிஸஸ் ஊல்ரிக்."

"ஏன்?"

"இரங்கல் குறிப்புல இப்படியெல்லாம் யாராவது எழுதுவாங்களா? ஊர் சிரிக்கும்."

"நீ அந்தப் பஸ்ல இருந்த. நான் அப்புறம் கார்ல வந்தேன். இதுல எது பொய், சொல்லு."

லைல் மறுபடி படித்தான். "பொய் இல்ல" என்றான். "ஆனா பதினொண்ணு இல்ல, பன்னண்டு. கடைசி ரன் நம்ம பசங்க பிழையால வந்துது, நீங்க அதை..."

"பதினொண்ணு. நோட்டு எங்கிட்ட இருக்கு."

அவன் ஒத்துக்கொண்டான். கதவு வரைக்கும் போய்த் திரும்பி, "குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்ங்கறதை அடிக்கலையே நீங்க?" என்றான்.

"இருக்கட்டும். செத்தவங்க எல்லாருக்கும் அதைத்தான் போடறாங்க. அவருக்கு மட்டும் போடலைன்னா கொலைகாரன்னு நினைச்சுப்பாங்க."

பத்திரிகை வியாழக்கிழமை வந்தது. மத்தியானத்துக்குள் ஊர் இரண்டாகப் பிளந்தது. துக்கத்தில் கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்று பாதிப் பேர், கலங்கவில்லை, எப்போதுமே அவளுக்கு வாய் நீளம் என்று மீதிப் பேர். பாதிரியாரின் மனைவி போன் போட்டு, நாங்கள் உனக்காக ஜெபிக்கிறோம் என்று சொன்னாள். எதற்கு என்று சொல்லவில்லை. சாயங்காலம் ரெனேவிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது: 'வெள்ளி 3:40. டெ மொயின்.' ஆர்லிஸ் அதை ஏழெட்டுத் தடவை எடுத்துப் பார்த்தாள்.

விமான நிலையத்திலிருந்து வரும் வழியெல்லாம் தாயும் மகளும் பனியைப் பற்றிப் பேசினார்கள். பத்திரிகையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சனிக்கிழமை தேவாலயத்தில் முதல் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில் ரெனேவின் கோட்டு இருந்தது. ஆறு பழைய ஆட்டக்காரர்கள் பெட்டியைத் தூக்கினார்கள். யாரும் ரெனேவின் கையைப் பிடித்துக் குலுக்கவில்லை. எதைச் சொல்வதென்று தெரியாமல் தூரத்திலேயே தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

வழிபாடு முடிந்ததும் லைல் எழுந்து அறிவித்தான். கல்லறைக்குப் போகும் முன் சவ ஊர்தி மைதானத்துக்குப் போகும். நாலு பேஸையும் கோச் கடைசியாக ஒரு முறை சுற்றி வருவார். எல்லோரும் வேலி ஓரமாக நின்று தொப்பியைக் கழற்ற வேண்டும். அதற்காக விடியற்காலையே டிராக்டர் விட்டு மைதானத்துப் பனியை ஒதுக்கியிருந்தார்கள். ஒரு விதவை வீட்டு வாசலில் மூன்று நாளாகக் கிடந்த பனியை ஒதுக்க ஆள் அகப்படாத ஊரில், பேஸ் பேஸாக மண் தெரியச் சுத்தம் செய்திருந்தார்கள்.

ஊரே எழுந்து போயிற்று. வெளியே வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமின. ஆர்லிஸ் போகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகு படியிறங்கிக் கீழே விருந்துக் கூடத்துக்குப் போனாள். ரெனே முன்னமே அங்கே போய் ஒரு காகிதக் கோப்பையில் காப்பி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நீள மேஜைகளில் ஹாம் சாண்ட்விச், ஊறுகாய், உருளைக்கிழங்கு சாலட் எல்லாம் மூடி வைத்திருந்தது. பரிமாற நின்ற பெண்களும் மைதானத்துக்குப் போய்விட்டார்கள்.

லைல் மூச்சு வாங்கப் படியிறங்கி வந்தான். முழங்கால் வலி முகத்தில் தெரிந்தது.

"மிஸஸ் ஊல்ரிக், கார் நிக்குது. ஊர்திக்கு அடுத்த கார் உங்களுது. நீங்க ஏறினாத்தான் கிளம்ப முடியும். எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

"கிளம்பச் சொல்லு."

"நீங்க இல்லாம எப்படி..."

"சுத்த வேண்டியதைச் சுத்திட்டு வாங்க லைல். கல்லறைக்குப் போறப்ப வந்து கூப்பிடு, வரேன். இப்ப நான் எம்பொண்ணு கூட இருக்கேன்."

லைல் ரெனேவைப் பார்த்தான். ரெனே காப்பியைப் பார்த்தாள். மேலே ஒரு ஹாரன் அடித்தது, சற்றுக் கழித்து இன்னொன்று. அவன் கையைப் பிசைந்தான். பிறகு படியேறிப் போனான். வண்டிகள் கிளம்பின. பொறுத்திருந்து கேட்டால் கடைசி வண்டி தெருமுனை திரும்பும் வரைக்கும் சத்தம் கேட்டது.

ஆர்லிஸ் ஒரு தட்டை எடுத்து இரண்டு சாண்ட்விச் வைத்தாள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் தட்டோடு நின்றாள்.

"நிஜமாவே போகலையா?" என்றாள் ரெனே.

"போகலை."

ரெனே பக்கத்து நாற்காலியிலிருந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.